வட்டிக்குப் பிணை

தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தை விட்டு வந்து நாங்கள் குடியேறியிருந்த லின்ஃபீல்ட் வீட்டுக்கு வந்த காப்புறுதி முகவர், எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கே வரும் மலேசியத் தமிழர். ஆயுள் காப்புறுதிக்குள்ளேயே ஒரு சேமிப்புக் கணக்காம். அதில் வட்டி ஐந்து வீதத்துக்குக் கீழே இறங்கவே இறங்காதாம்.

“அதுக்கு ஆர் பிணை?” என்றேன்.

“கம்பெனியே கேரண்டி சார்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிள் கடனுக்கே இரண்டு அரச ஊழியர்கள் எனக்காகப் பிணைக் கையெழுத்துப் போட்டார்கள். “ரெண்டு பேரைக் கொண்டு வாரும், பிறகு கதைப்பம்” என்று அனுப்பிவிட்டேன்.

மனுஷன் விடவில்லை. விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் தானும் கையெழுத்திட்டு, ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோயில் சுவாமியாரிடமும் ஒரு கையெழுத்து வாங்கி வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் சேர்ந்தேன்.

ஆண்டு முடிவில் கடிதம் வந்தது. வட்டி சொன்னபடியே விழுந்திருந்தது. நிர்வாகக் கட்டணம் என்று அதில் முக்கால்வாசியைத் திரும்ப எடுத்திருந்தார்கள். கடிதத்தோடு சுவாமியாரிடம் போனேன்.

“நான் வட்டிக்குத்தானே தம்பி பிணை நிண்டனான்? கட்டணத்துக்கு இல்லையே” என்றார்.

அடுத்த ஞாயிறு காணிக்கைத் தட்டு என்னிடம் வந்தது. வழக்கமாகப் போடும் பத்து டொலரில் நிர்வாகக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு இரண்டரை டொலர் போட்டேன்.