பட்டியலில் ஒரே ஒரு குடும்பம்

எங்கள் அலுவலகத்தில் தாளின் பின்பக்கத்தை வீணாக்குவது பெரிய குற்றம். அச்சில் தப்பாகிப்போன பட்டியல்களைப் பாதியாகக் கிழித்து, கிளிப் போட்டு, மேசைக்கு ஒரு கட்டு வைத்திருப்போம். குறிப்பு எழுதுவதற்கும் கூட்டிப் பார்ப்பதற்கும் அதுதான். மாவட்டப் புள்ளிவிவர வேலையில் எனக்கு இருபது வருடம் ஆகப்போகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் சிக்கனத்தை நானே பெருமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அப்போது மாவட்டத்துக்குள் ஊர் மாறும் குடும்பங்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தோம். அதற்காக ரேஷன் கார்டு விவரங்களை உரிய துறையிடம் எழுதிக் கேட்டு வாங்கியிருந்தோம். அவை வந்தவுடன் முதல் வேலை, பெயரையும் கதவு எண்ணையும் தனியாகப் பிரித்துப் பீரோவில் வைத்துப் பூட்டுவது. அதற்குப் பிறகு எங்களுக்குக் குடும்பம் என்றால் வெறும் வரிசை எண். போன் நம்பர் வேண்டவே வேண்டாம் என்று கடிதத்தில் எழுதியவள் நான்தான். தேவைக்கு மேல் வாங்கினால் தேவைக்கு மேல் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு நாள் காலை அலுவலகம் திறந்த கையோடு சித்தப்பா வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். ஏரியூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். என்ன விஷயம் என்று கேட்கவே தேவையில்லை. அவருடைய ஒரே மகள், எனக்குத் தங்கச்சி, ஒரு வருடத்துக்கு முன்பு வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். "கையில கெடச்சா ரெண்டு பேரையும் உசுரோட விடமாட்டேன்" என்று ஒரு புதுமனை புகுவிழாவில் பந்திக்கு நடுவில் நின்று அவர் சொன்னதை நானே கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பாயசம் போதும் என்று கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, உன்ன பெருசா ஒண்ணும் கேக்கல. மொரப்பூர் ஸ்டேஷன்ல புள்ளையப் பாத்ததா ஒருத்தன் சொல்றான். சுத்துப்பட்டுல எந்த ஊருன்னு மட்டும் தெரியல. உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல?"

"இருந்தாலும் சொல்லக் கூடாதுங்க சித்தப்பா."

"பெத்த புள்ளைய நான் பாக்கக் கூடாதா?"

"பாக்கவா போறீங்க?"

அவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பதினோரு மணி வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். வருகிறவர் போகிறவரெல்லாம் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. எப்படியாவது எழுந்து போனால் போதும் என்று, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுங்கள் என்றேன். "எந்தக் கட்டடம், எத்தன மணிக்கு, எழுதிக் குடு" என்றார். தாள்கட்டிலிருந்து ஒன்றை உருவி எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

கடைசி வரை வாய் திறக்கவில்லையே என்று எனக்கு என்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. அது இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவரிடமிருந்து போன். "நீ எங்க புள்ளதான் சாமி. வாயால சொல்ல முடியாதுன்னு காயிதத்துல குடுத்துட்ட."

"என்ன காயிதம்?"

"பின்னாடி இருக்குதில்ல. ஏரியூர்ல இருந்து போனவங்க எல்லாரும் டவுனுக்குத்தான் போயிருக்காங்க. மொரப்பூர் பக்கம் ஒரே ஒரு ஊருக்கு மட்டும் குடும்பம் ஒண்ணு, ஆளு ரெண்டுன்னு போட்டிருக்குது. வேற யாரு? நான் பென்னாகரத்துல பஸ் மாற நிக்கிறேன். வூட்டுக்குப் போயி பசங்களக் கூட்டிக்கிட்டு காருல வந்தர்றோம்."

அவர் ஒரு காலத்தில் வார்டு மெம்பராக இருந்தவர். பட்டியல் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று, இரண்டு என்று சின்ன எண்ணிக்கை வரும் கட்டங்களில் நாங்கள் எண்ணை எடுத்துவிட்டு நட்சத்திரக் குறி போடுவோம். ஊரில் ஒரே குடும்பம் என்றால் பெயரே தேவையில்லை, எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். நட்சத்திரம் போடுவதற்கு முந்தைய அச்சு அது. அதைக் கிழித்துத் தூளாக்கியிருக்க வேண்டும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று கட்டோடு சேர்த்ததும் நானாகத்தான் இருப்பேன்.

போலீசுக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டரில் அதே பட்டியலைத் திறந்து பார்த்து ஊர் பேரைச் சொன்னேன். எந்த வீடு என்று கேட்டார்கள், தெரியவில்லை. ஆள் அனுப்புகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. தங்கச்சியை எச்சரிக்க அவள் நம்பர் என்னிடம் இல்லை. வேண்டாம் என்று எழுதியவள் நானல்லவா! ஊருக்குள் போய் விசாரிக்கலாம் என்றால், விசாரிப்பதே அவளைக் காட்டிக் கொடுப்பதுதான்.

பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், ஒன்று என்னிடம் இருக்க வேண்டும். நிஜத்தில் இரண்டுமே அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரே ஆணியில்தான் தொங்கும். அவர் மீட்டிங்கில் இருந்தார், போனை எடுக்கவில்லை. திறந்தால் இரண்டு பேரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்தை மட்டும் போட்டேன். கதவு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

ஏரியூர் போய் அவர்கள் கிளம்பி வருவதற்கு எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் வழி நெடுக, பின்னால் ஹாரன் அடித்த ஒவ்வொரு காரும் அவருடைய கார்தான். வேர்வையில் உள்ளங்கை எழுத்து அழிந்துவிடப் போகிறதே என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

கதவைத் தட்டியதும் அவளே திறந்தாள். ஏழு மாத வயிறு. அது எங்கள் பட்டியலில் இல்லை. முதலில் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம்தான், அதை நான் பார்த்தேன். அடுத்த நொடியே அது போய்விட்டது.

"அக்கா, எப்படிக் கண்டுபுடிச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஆபீஸ் லிஸ்ட்ல பாத்தேன். உங்கப்பா கௌம்பிட்டாரு. அவருக்கும் என் கையில இருந்துதான் போச்சு. தெரியாமப் பண்ணிட்டேன் கண்ணு, மொதல்ல கௌம்பு."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. புருஷனுக்குப் போன் செய்து ரயில்வே ஸ்டேஷனுக்கு வரச் சொன்னாள். ஒரு பையில் நாலு துணி, மருந்துச் சீட்டு, அந்தப் புது ரேஷன் கார்டு. எத்தனையோ முறை யோசித்து வைத்தவள் மாதிரி ஐந்தே நிமிடத்தில் கதவைப் பூட்டினாள்.

மொரப்பூர் பிளாட்பாரத்தில் துப்பட்டாவைத் தலையோடு போட்டுக்கொண்டு தூண் மறைவில் உட்கார்ந்தாள். நான் ரோட்டைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். புருஷன் வேலை உடுப்போடு ஓடி வந்தான். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கார்டே வாங்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்க்கா" என்றாள் அவள். "கர்ப்பத்தப் பதிய வந்த நர்சம்மாதான், கார்டு வாங்கிக்கோ, பேரு குடுத்தா யாருக்கும் போவாதும்மான்னு தைரியம் சொல்லுச்சு. பாவம், அது நல்ல மனுசிதான்."

ரயில் வந்தது. அவர்கள் ஏறியதும் நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். "போற ஊர்ல மொத வேலையா ஆஸ்பத்திரியில பதிஞ்சிரு. ஏழு மாசம், வெளையாட்டு இல்ல."

"எந்தப் பேருலக்கா பதியட்டும்?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே யோசனை கேட்கிற மாதிரி கேட்டாள்.

சித்தப்பா ஊருக்குள் விசாரித்து வந்து, பூட்டிக் கிடந்த கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். மறுநாள் நான் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மெமோ வந்தது, வாங்கிக்கொண்டேன். மேசைகளில் இருந்த கட்டுகளையெல்லாம் நானே சேகரித்துத் தூளாக்கினேன். இப்போது டீக்கணக்கு எழுதக்கூடத் தாள் இல்லை என்று அலுவலகத்தில் என்னைத் திட்டுகிறார்கள்.

மாநிலம் முழுவதன் பிரசவ விவரங்களும் எங்களுக்கு வரும். அவள் மாதத்தை எண்ணி, வயதைப் போட்டுத் தேடினால், எந்த ஆஸ்பத்திரி என்று கண்டுபிடிக்க எனக்குக் கால் மணி நேரம் போதும். அந்த மாதத்துக் கோப்பு வந்து வெகுநாள் ஆகிறது. நான் இன்னும் திறக்கவில்லை. அவள் அதில் இருந்துவிட்டாலும் பயம், இல்லாமல் போய்விட்டாலும் பயம்.