ஏழடிப் பிளேடு

எங்கள் டிராக்டர் சின்னது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவே இல்லை.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. ஆலங்குடிக்குக் கிழக்கே எங்களுக்கு ஆறு ஏக்கர் செம்மண் நிலம். கணவர் மலேயாவில் வேலை பார்த்தார். கடலை விதைப்பது, களைக்கு ஆள் கூப்பிடுவது, வெயிலில் நிற்பது எல்லாம் நான். முடிவு எடுப்பது மட்டும் மூத்தார்.

கிணறு வெட்டி எண்ணெய் எஞ்சின் வைத்தோம். ஆனால் நிலம் சமமில்லை. தண்ணீர் பாய்ச்சினால் மேட்டில் கடலை காயும், பள்ளத்தில் அழுகும். மூத்தார் எங்கிருந்தோ பழைய டிராக்டர் ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். அதன் பின்னால் மாட்ட ஒரு பிளேடு வேண்டும். மேட்டு மண்ணை வழித்து இழுத்துப் பள்ளத்தில் விடுகிற இரும்புப் பலகை அது.

எத்தனை அடி வாங்குவது? நான் கயிற்றை எடுத்துப் போய் அளந்தேன். பின்டயர் இரண்டும் வெளிப்பக்கத்துக்கு வெளிப்பக்கம் நாலரை அடி இருந்தது. பலகை அதைவிடக் குறைந்தால் டயர் தடத்தின் ஓரம் வரப்பு மாதிரி நிற்கும். மிகவும் கூடினால் வண்டியால் இழுக்க முடியாது. சேற்று வயலைச் சமப்படுத்தச் சின்ன மாட்டுச் சோடிக்கு அகலமான பரம்புப் பலகையைக் கட்டினால் மாடு மண்டி போட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். இதுவும் அதே கணக்குத்தானே?

மூத்தார் திருச்சிக்குக் கிளம்பும்போது கதவோரம் நின்று சொன்னேன். "அஞ்சடி, மிஞ்சிப்போனா அஞ்சேகால் அடி. அதுக்கு மேல வேணாங்க."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிராக்டர் ஓட்ட அமர்த்தியிருந்த டிரைவரிடம்தான் சொன்னார். "அடுப்பங்கரைல அகப்பை எத்தன நீளம்னு கேட்டா சொல்லட்டும்."

அங்கே நின்றிருந்த ஆட்கள் சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் நான் கூப்பிட்டு வேலைக்கு வந்தவர்கள்.

வாங்கி வந்தது ஏழடி. மாட்டு வண்டியிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. "இந்தச் சுத்துப்பட்டுல எவன்ட்ட இருக்கு இப்படி ஒண்ணு?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். டிரைவர் அறந்தாங்கிக்காரர், முன்னால் லாரி ஓட்டியவர். பிளேடைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் மேட்டில் பிளேடை இறக்கினார்கள். பத்தடி போவதற்குள் பலகை முழுக்க மண் சேர்ந்துவிட்டது. பின்டயர் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தது. முன்சக்கரம் ஒரு சாண் மேலே எழும்பியது. கொஞ்சம் தூக்கி ஓட்டினால் மண்ணைத் தொடாமல் சும்மா போனது. திருப்பும்போது வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனை, நான் நட்டு மூன்று வருஷம் தண்ணீர் சுமந்து ஊற்றிய முந்திரிக் கன்றுகள் இரண்டை வேரோடு சாய்த்தது.

மூத்தார் ஓடி வந்து டிரைவரைக் கன்னத்தில் அறைந்தார். "ஓட்டத் தெரியாத பய!"

அந்த மனிதருக்கு மூத்தாரைவிட வயது கூட. கன்னத்தைத் தடவிக்கொண்டு இறங்கி நின்றார்.

ஒரு வாரம் பிளேடு வெயிலில் கிடந்தது. மூத்தார் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போனார். அன்றைக்கே டிரைவரை வரச்சொன்னேன்.

"அண்ணே, இதை வெட்ட முடியுமா?"

"வெட்டலாம் தாயி. அறந்தாங்கில கேஸ் வெல்டிங் பட்டறை இருக்கு. ஆனா அவுக வந்தா?"

"வந்தா என்னைய அடிக்கட்டும்."

மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு நானும் கூடவே போனேன். பட்டறைக்காரர் என்னிடம் பேசாமல், "ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்று டிரைவரைக் கேட்டார். நான் சுண்ணாம்புக்கட்டியை வாங்கி இரண்டு பக்கமும் பத்தரை அங்குலம் தள்ளிக் கோடு போட்டேன். அஞ்சேகால் அடி மிஞ்சியது. "இந்தக் கோட்டுல வெட்டுங்க" என்றேன். வெட்டினார்.

நாலு நாளில் மேடு இறங்கிப் பள்ளம் நிரம்பியது. டயர் தடம்கூடத் தெரியவில்லை. வாய்க்காலைத் திறந்துவிட்டேன். தண்ணீர் ஒரே சீராக நிலம் முழுக்கப் பரவியது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. சாய்ந்த கன்றுகளும் டிரைவரின் கன்னமும்தான் கண்ணில் நின்றன.

ஊர் திரும்பிய மூத்தார் பிளேடைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் பக்கத்து ஊர்க்காரர்கள் நிலம் பார்க்க வந்தபோது, "கம்பெனிக்காரன் ஏழடியைத் தலைல கட்டிட்டான். நான்தான் அளந்து வெட்டச் சொன்னேன்" என்றார்.

மோர் கொடுக்க வந்த நான் செம்பைத் தரையில் வைத்தேன். "அளந்தது நான். வெட்டச் சொன்னதும் நான். நீங்க டிரைவரை அடிச்சீங்க, அவ்வளவுதான் நீங்க செஞ்சது."

யாரும் மோர் குடிக்கவில்லை. மூத்தார் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போனார். அதன்பிறகு ரெண்டு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. அந்த டிரைவரும் அந்த மாதமே வேலையை விட்டுப் போனார். போகாதீங்க என்று கேட்டுப் பார்த்தேன். "உங்களுக்காக இருக்கலாம் தாயி. ஆனா அந்த மூஞ்சியப் பாக்க முடியல" என்றார். எனக்கும்தான் முடியவில்லை. எனக்குப் போக இடமில்லை, அவ்வளவுதான்.

கணவரிடமிருந்து கடிதம் வந்தது. நாலு பேர் முன்னால் அண்ணனை அவமானப்படுத்தினாயாமே, மன்னிப்புக் கேள் என்று எழுதியிருந்தார். நிலம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவும் இல்லை.