கதவைத் தட்டிய கிராம்பு

ஹில்டா கிரிம்ஷாவுக்கு அறுபத்து நாலு வயது. அதில் இருபத்தாறு வருஷம், தார்ன்ஷா ஆரம்பப் பள்ளி வாசலில் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு, வட்டப் பலகை மாட்டிய கழியும் கையுமாக நின்று, பிள்ளைகளைச் சாலை கடத்திவிட்டவள். கல்குவாரி லாரியோ மேயரின் காரோ, அவள் கழி உயர்ந்தால் நின்றே ஆகவேண்டும். ஒருமுறை சவ வண்டியையே நிறுத்திவிட்டாள். "செத்தவருக்கு என்ன அவசரம்? பிள்ளைங்களுக்கு மணி அடிச்சாச்சு" என்றாளாம். வண்டியின் பின்னால் வந்த குடும்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டது. அப்படிப்பட்ட வாய்.

அந்த வாய்க்கு இன்னொரு வேலையும் உண்டு, சம்பளமில்லாத வேலை. ஊரில் 'நொண்டி வாத்து' என்று ஒரு பப். அங்கே புதுப் பீப்பாய் திறந்தால் முதல் கிளாஸ் ஹில்டாவுக்குத்தான். முதல் மடக்கு தொண்டையில் இறங்கியதிலிருந்து அவள் கிளாஸைக் கீழே வைக்கும்வரை வாயிலிருந்து என்ன வந்தாலும், முதலாளியம்மா பெரில் டாட்டர்சால் அதை ஒரு எழுத்து விடாமல் சிலேட்டில் எழுதி மாட்டுவாள். பீப்பாய் காலியாகும்வரை அதை அழிக்கக்கூடாது. அழித்தால் பீர் புளித்துவிடும் என்பது ஊர் நம்பிக்கை. "நனஞ்ச கம்பளிக் கோட்டு வாசனை, ஆனா நல்ல மனுஷனோட கோட்டு." "முதல்ல கசப்பு, அப்புறமும் கசப்பு, என் மாமியாரே தேவல." இப்படிப் பத்தொன்பது வருஷம். ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. நல்ல பீரை நல்லது என்றாள், மற்றதைக் கிழித்துத் தொங்கவிட்டாள். ஊரே அந்தச் சிலேட்டைப் பார்த்துத்தான் கிளாஸை நீட்டும்.

பீர் காய்ச்சுகிறவர் கிளெமென்ட் என்ட்விசில். குழாய் ரிப்பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போய் ஆறு வருஷம். பப்பின் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் காய்ச்சுவார். நல்ல மனுஷர், ஆனால் அப்பப்பா, என்ன கூச்சம்! ஹில்டா வீட்டுக் கதவு அவ்வப்போது தட்டப்படும். திறந்து பார்த்தால் படிக்கட்டில் ஒரு முட்டைக்கோஸ் உட்கார்ந்திருக்கும், தோட்டத்துக் கேட் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும், ஆளைக் காணோம். இரண்டு வருஷமாக இதே கதை. கோஸைத் தின்று தின்று ஹில்டாவுக்கு வயிறு ஊதியதுதான் மிச்சம். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆன அவளுக்கும் அவர்மேல் ஆசைதான், அதில் மென்று முழுங்க என்ன இருக்கிறது? ஆனால் ஆள் நின்றால்தானே சொல்ல முடியும்.

போன வருஷம் அவருடைய குளிர்கால மசாலா பீரைக் குடித்துவிட்டு, அந்த எரிச்சலில்தானோ என்னவோ, "இந்த மசாலா கதவத் தட்டிட்டு ஓடிப்போயிடுது" என்று சொல்லிவிட்டாள். பெரில் எழுதிவிட்டாள். மூன்று வாரம் ஊர் அதைப் படித்துப் படித்துச் சிரித்தது. கிளெமென்டும் கூடச் சிரித்தார். காது மட்டும் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது.

இந்த வருஷம் டிசம்பர் முதல் சனிக்கிழமை, நடுப்பகல். ஹில்டா கையுறையைக் கழற்றும்போதே பெரில் அவளை ஓரமாக இழுத்தாள்.

"கண்ணு, சேதி தெரியுமா? இந்த வருஷமும் நீ சிலேட்டுல கிளெமென்டக் கவுத்துட்டா, கொட்டகையப் பூட்டிட்டு டெவன்ல அக்கா வீட்டோட போயிடறாராம். பெட்டி கட்டியாச்சாம்."

"யாரு சொன்னா?"

"அவரே சொன்னாரு. பெட்டிக்குக் கயிறு கேட்டு வந்தாரு."

டெவன் என்ன பக்கத்துத் தெருவா? நாட்டின் அந்தக் கோடி. ஆள் ஒரேயடியாகப் போய்விடுவார். ஹில்டா அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள். பத்தொன்பது வருஷ உண்மை போனால் போகட்டும். 'நல்லாருக்கு' என்று ஒரே சொல், உடனே கிளாஸை டக்கென்று கீழே வைத்துவிட வேண்டியது. முடிந்தது கதை.

பெரில் குழாயைத் திறந்தாள். பழைய தேக்கு மேஜை நிறத்தில் பீர் வந்தது, மேலே காவி நுரை. கிளாஸ் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி இருக்கும்போதே வாசனை எழுந்து வந்து வரவேற்றது. ஆரஞ்சுத் தோல், ஜாதிக்காய், அதற்கும் பின்னால் ஏதோ ஒன்று, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது. கதவோரம் கிளெமென்ட் தொப்பியைக் கசக்கியபடி நின்றார். ஹில்டா கண்ணை மூடிக்கொண்டு பெரிய மடக்காகக் குடித்தாள்.

முதலில் வந்தது கரிந்த பாகு. இஞ்சிக் கேக் தட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டு, சுரண்டிச் சுரண்டி எடுப்போமே, அந்த ருசி. சபாஷ் என்று நினைத்தாள். அடுத்து இஞ்சி, தொண்டையில் சூடாக ஒரு தட்டு. சரிதான். ஜாதிக்காய் வந்து கண்ணைச் சுழற்றியது. அப்புறம் வந்தது பாருங்கள் கிராம்பு! ஒன்றா இரண்டா, படை திரண்டு வந்தது. நாக்கு மரத்தது, உதடு மரத்தது, காது வழியாக அனல் போயிற்று, உச்சந்தலையில் மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. சொல்ல நினைத்திருந்த 'நல்லாருக்கு' எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

"ஐயோ!" என்றாள் ஹில்டா.

சாக்கட்டி கீச்சிட்டது. பெரில் 'ஐயோ' என்று எழுதினாள்.

"இது பீரா, பல் டாக்டரா?"

அதுவும் ஏறியது. பப்பே அதிர்ந்து சிரித்தது. ஹில்டாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர், மூக்கில் நீர், ஆனாலும் நெஞ்சுக்குள் யாரோ மத்தளம் வாசிப்பதுபோல் ஒரு குதூகலம். அந்தக் கண்ணீருக்கு நடுவே கிளெமென்டைப் பார்த்தாள். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவுக் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

இருபத்தாறு வருஷப் பழக்கம், கை தானாக உயர்ந்தது. கையில் கழி இல்லை, கிளாஸ்தான் இருந்தது.

"நில்லுங்க!"

கிளெமென்ட் நின்றார். கணப்பருகே படுத்திருந்த நாய்கூட வாலை ஆட்டுவதை நிறுத்தியது.

"நான் இன்னும் முடிக்கலய்யா. இதக் குடிக்க முடியாது. ராஜா வந்தாலும் முடியாது. என் நாக்கு எங்க இருக்குன்னே தெரியல. ஆனா இது ஓடல! கதவத் தட்டுது, உள்ள வருது, நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு ஜம்முனு உக்காருது. பீருக்கே அந்தத் தைரியம் வந்துருச்சு, உங்களுக்கு மட்டும் என்ன கேடு? டெவனும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. கோஸு போதும் சாமி, அத வெச்சுட்டுப் போறவரு ஒருநாள் உள்ள வாங்க."

மரத்த நாக்கில் பாதிச் சொல் குழறியது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பப்பில் கேட்டது சாக்கட்டிச் சத்தம் மட்டும்தான். ஹில்டா மெல்லத் திரும்பினாள். சிலேட் நிரம்பி, பெரில் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! அத அழிடி!"

"கிளாஸு இன்னும் உன் கையிலதான் இருக்கு கண்ணு. 'அடிப்பாவி அத அழிடி'ங்கறதையும் எழுதட்டுமா?"

ஹில்டா கிளாஸை டொக்கென்று வைத்தாள். வைத்து என்ன பயன்? பீப்பாய் காலியாகும்வரை அது அங்கேதான் தொங்கும், ஊரே எழுத்துக்கூட்டிப் படிக்கும். பீப்பாயில் எழுபத்திரண்டு பைன்ட், அதாவது எழுபத்திரண்டு பெரிய கிளாஸ். "நான் உதவறேன்" என்று தபால்கார வால்டர் பெரிய மனசோடு முன்வந்தார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு, பேச்சுமூச்சில்லாமல் நாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கிளெமென்ட் கதவை விட்டு வந்தார். பலகைத் தரையில் ஒவ்வொரு அடியும் கேட்டது. மேஜைமேல் ஹில்டா வைத்த கிளாஸையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"கிராம்பத் துணியில கட்டி ஒரு முடிச்சுதான் போடணும். போன வருஷம் நீங்க சொன்னதுலேர்ந்து மனசு ஆறல. இது தட்டினா கேக்குமா, கேக்குமான்னு தினம் காலைல ஒரு முடிச்சு போட்டேன். பன்னெண்டு நாள்."

"பன்னெண்டு முடிச்சா! ஆளக் கொல்லவா பாத்தீங்க?"

"கேட்டுச்சா?"

"பக்கத்து ஊருக்கே கேட்டுருக்கும்."

அவர் அந்தக் கிளாஸை எடுத்தார். மீதியிருந்ததை ஒரே மூச்சில் குடித்தார். காது சிவந்தது, கழுத்து சிவந்தது, கண் பிதுங்கியது. கிளாஸைக் கீழே வைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, பெரிலைப் பார்த்து, மரத்த நாக்கால் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"இனிமே தட்டிட்டு, நிப்பேன்."

பெரில் ஹில்டாவைப் பார்த்தாள். "ருசி பாக்கறவ நீ. இவரு சொன்னத எழுதலாமா?"

"எழுதுடி. பெருசா எழுது" என்றாள் ஹில்டா.

சிலேட்டில் இடமில்லாததால் பெரில் அதைச் சுவரில் எழுதினாள்.

அந்தப் பீப்பாய் ஈஸ்டர்வரை காலியாகவில்லை. கிராம்பு புண்ணியத்தில் கெடவும் இல்லை. கடைசியில் பெரில் அதில் பன்றித்தொடையை வேகவைத்துத் தீர்த்தாள், ஊரே இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றது. ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹில்டா வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவள் ஓடிப்போய்த் திறக்கவில்லை. பார்ப்போமே என்று நிதானமாக எழுந்தாள், பல்செட்டைக் கழுவி மாட்டினாள், தலையை வாரினாள், கெட்டிலை அடுப்பில் வைத்தாள், அது கொதித்து விசிலடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் போய்க் கதவைத் திறந்தாள். தொப்பி சொட்டச் சொட்ட, கையில் கோஸ் இல்லாமல், கிளெமென்ட் நின்றுகொண்டிருந்தார்.