எல்லாரும் விட்டுப்போன வருஷத்துப் பாட்டுகள்

இருபது வருஷமாக நான் சாப்பிடுகிறவர்களுக்குப் பாடுகிறேன். பினாங்கில் கல்யாண விருந்து என்றால் மேடை ஒரு பக்கம், பிரியாணி ஒரு பக்கம். இந்தப் போட்டியில் நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. மேல் ஸ்தாயியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்துத்தான் ஆட்டிறைச்சிப் பிரட்டல் மேசைக்கு வரும். திடீரென்று கைதட்டல் கேட்கும். நமக்குத்தான் போலிருக்கிறது என்று நிமிர்ந்தால், மாப்பிள்ளையும் பெண்ணும் கேக் வெட்டியிருப்பார்கள்.

பகலில், தீவிலிருந்து பாலம் தாண்டினால் வரும் செபராங் ஜெயாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. அங்கே போனில் பேசுகிறவர்கள் நான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்கள், ஏனென்றால் பணம் அவர்களுடையது. மேடையில் அந்த மரியாதையும் கிடையாது. அதனால் எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சினிமாவில் பாட வேண்டும், பேர் வாங்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. வாயில் சோறு இல்லாத, கையில் போன் இல்லாத ஒரு கூட்டம் உட்கார்ந்து, நான் பாடுவதை ஒரு தடவை கேட்க வேண்டும். அவ்வளவுதான். கேட்டுவிட்டு நன்றாக இல்லை என்று சொன்னாலும் பரவாயில்லை.

போன வருஷம் கடலோர ஹோட்டல் ஒன்றின் மேனேஜர் தம்பி கூப்பிட்டான். சூலியா தெருக்காரப் பையன், யாரோ ஒருவரின் கல்யாணத்தில் என் குரலைக் கேட்டானாம். கை கழுவப் போகும் வழியில்தான் கேட்டிருப்பான் என்பது என் ஊகம்.

"அக்கா, எங்க ரெகுலர் பேண்ட் ஊருக்குப் போயிட்டாங்க. ஒரு வெள்ளைக்கார ஜோடி, ரிட்டயர் ஆகி இங்கயே செட்டில் ஆனவங்க. ஐம்பதாவது கல்யாண நாள். அவங்க கல்யாணம் பண்ணுன வருஷம் அவங்க ஊர் சார்ட்ல மேல வந்த பாட்டுங்க மட்டும்தான் வேணுமாம். முடியுமா?"

முடியும் என்றேன். அந்த வருஷம் நான் பிறந்திருக்கவே இல்லை. அது வேறு விஷயம்.

"இது நல்லா போச்சுன்னா மாசா மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்களுக்குத்தான்க்கா. சாப்பிட்டு முடிச்சு காப்பி குடிக்கும்போதுதான் பாட்டு. கம்முன்னு உக்காந்து கேப்பாங்கக்கா."

கடைசி வாக்கியத்துக்காக நான் இலவசமாகவே பாடியிருப்பேன்.

எங்கள் குழுவுக்குத் தலைவர் அண்ணே. கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் பதினெட்டு வயதில் நான் முதன்முதலாக மைக்கைப் பிடித்ததிலிருந்து அவர்தான் எனக்குக் கீபோர்டு வாசிக்கிறார். ஜெலுத்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையின் இரும்புக் கதவை இறக்கிவிட்டு, எண்ணெய் நாற்றத்துக்கு நடுவில் பயிற்சி நடக்கும்.

அண்ணேயிடம் ஒரு சட்டம் உண்டு. கல்யாணத்தில் பாடுகிற ஒவ்வொரு பாட்டும் வரிவரியாக அவரிடம் தேற வேண்டும். பிரிவு, கண்ணீர், துரோகம், சாவு, குடி, இதில் எதுவும் கூடாது. துள்ளலான பாட்டு ஒன்றில் விளக்கு அணைகிறது என்று ஒரு வரி வந்ததற்காக முழுப் பாட்டையும் தூக்கிப் போட்டவர். இதில் அவர் மட்டும் தனியாள் இல்லை. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பாட்டுக்குழு சோகப்பாட்டை எடுத்தால் பெண்ணின் பெரியம்மா யாராவது நேராகப் போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிடுவார். ஆனால் மற்ற குழுக்காரர்கள் பெரியம்மாவுக்குப் பயந்து செய்வதை அண்ணே மனதார நம்பிச் செய்கிறார்.

"கல்யாணத்தன்னிக்கு நம்ம வாசிக்கறது அவங்க வீட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும்மா," என்பார். "நம்ம சம்பளம் வாங்கிட்டுப் போயிடுவோம். அது அங்கயே இருக்கும்."

அந்த வருஷத்துப் பாட்டுகளைப் போனில் தேடி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பிரிட்டனில் வாரா வாரம் எந்தப் பாட்டு அதிகம் விற்றது என்று பார்த்து வரிசை போடுவார்கள், முதலிடத்துக்கு வந்ததை எல்லாம் எடுத்திருக்கிறேன் என்று விளக்கினேன். முதல் பாட்டு ஓடியது. நல்ல துள்ளல். அண்ணேயின் வலது கால் தானாகத் தாளம் போட்டது.

"அருமையான பாட்டுலா. என்ன சொல்றாங்க?"

"பொண்டாட்டி ராத்திரியோட ராத்திரியா ரயிலேறிப் போயிட்டாளாம் அண்ணே."

கால் நின்றது. "இவ்ளோ சந்தோஷமாவா சொல்றான்? சரி, அடுத்தது."

அடுத்தது வயலின்களோடு பொங்கிப் பொங்கி வந்தது. அண்ணே கண்ணை மூடி ரசித்தார். அதில் போனது புருஷன். மூன்றாவதில் இரண்டு பேருமே போய்விட்டிருந்தார்கள், காலியாக நின்ற வீடு பாடியது. நான்காவதில் ஒருவன் ஊரைவிட்டே போய், போன இடத்தில் செத்தும் போனான். ஆனால் அதற்கு நடனமாடத் தகுந்த மெட்டு.

எங்கள் பாட்டுகளில் இந்தக் குழப்பம் இல்லை. அழுகை வரப்போகிறது என்றால் முன்னாலேயே ஷெனாய் வந்து சொல்லிவிடும். இங்கே எதை நம்புவது என்று தெரியாமல் அண்ணே கீபோர்டிலிருந்து கையையே எடுத்துவிட்டார்.

"இவனுங்க ஊர்ல ஒருத்தனும் வீட்ல இருக்க மாட்டானாமா?"

அந்த வருஷம் இருந்ததாகத் தெரியவில்லை. ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை ஒரு நாடே பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டாவது கரையேற்றும் என்று பார்த்தால், அதில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து இரண்டு பேருக்குச் சமைத்து வைத்திருந்தாள்.

இருந்ததிலேயே நல்ல பாட்டு கோடை காலத்தில் வந்தது. வாரக்கணக்கில் முதலிடத்தை விட்டு இறங்காத பாட்டு. ஒருத்தி தன் புருஷனின் பெட்டியை வாசற்படியில் வைத்துவிட்டு, மழை வருவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விடு என்கிறாள். கத்தவில்லை, அழவில்லை. சட்டைக்குப் பொத்தான்கூடத் தைத்து வைத்திருக்கிறேன் என்கிறாள். கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணேயிடம் அர்த்தத்தைச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, பாட்டை நானே நிறுத்திவிட்டேன்.

கடைசியில் தேறியது கொஞ்சம்தான். வார்த்தையே இல்லாமல் விசிலடிக்கிற ஒன்று. குழந்தைகள் பாடிய ஒன்று. இன்னும் போகாமல், போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் காதலர்கள் சிலர். அப்புறம் ஒரு கால்பந்துக் குழு சேர்ந்து பாடிய பாட்டு. ஜெயிப்போம், ஜெயிப்போம், எப்போதும் ஜெயிப்போம் என்று அதில் திரும்பத் திரும்ப வந்தது. அண்ணேக்கு உயிர் வந்தது. "இதான் பாட்டு! எவ்ளோ மங்களமா இருக்கு பாரு. இதையே மொதல்ல எடுப்போம்."

பெட்டிப் பாட்டை விட மனமில்லாமல், பாலம் தாண்டிப் போகும் பஸ்ஸில் தினமும் உதட்டை அசைத்துப் பழகிக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூப்போட்ட சட்டையும் சிவந்த முகமுமாக ஒரு மண்டபம் நிறைய வெள்ளைக்காரர்கள். மேனேஜர் தம்பி சொன்னபடியே தட்டுகளை எடுத்துவிட்டார்கள். எல்லா நாற்காலியும் மேடையைப் பார்த்துத் திரும்பின. மைக்கை இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணே கால்பந்துப் பாட்டோடு மங்களமாக ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே பாதி மண்டபம் எழுந்து நின்று ஊளையிட்டது, மீதிப் பாதி மேசையைத் தட்டியது. கல்யாண நாள் கொண்டாடும் கிழவர் அந்தக் கால்பந்துக் குழுவுக்குப் பரம விரோதியான ஊர்க்காரராம். மனிதர் கையிலிருந்த துணிக் கைக்குட்டையை வெள்ளைக் கொடி மாதிரி ஆட்டிக் காட்டினார். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அவர்கள் கூடப் பாடத் தொடங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வரியும் தெரிந்திருந்தது. விசில் பாட்டுக்கு மண்டபமே விசிலடித்தது. நான் பாடுகிறேனா, வாயை மட்டும் அசைக்கிறேனா என்று பக்கத்திலிருந்த எங்கள் தபலாக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்காது. எங்கள் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்காமல் இருப்பார்கள். இவர்கள் பாடிக்கொண்டே கேட்காமல் இருந்தார்கள். பிரியாணியிடம் தோற்றாலாவது மணத்துக்காகத் தோற்றோம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு அழுகையே வரும்போல இருந்தது.

எங்களிடம் இருந்ததெல்லாம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. கிழவரின் மனைவி எழுந்து மேடைக்கு வந்தார். மெலிந்த உருவம், நீல உடை.

"எங்கள் பாட்டு எங்கே?" என்று கேட்டார். எது என்று கேட்டேன். பெட்டிப் பாட்டுதான்.

"அந்தக் கோடை முழுக்க எந்த ஜன்னலைத் திறந்தாலும் அதுதான். எங்கள் கல்யாணத்தில் நாங்கள் ஆடியதே அதற்குத்தான்."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அதன் அர்த்தம் தெரிந்தேவா?"

அவர் சிரித்தார். "தெரியாமல் என்ன? எங்கள் இரண்டு பேருக்குமே அது இரண்டாவது கல்யாணம். நான் ஒரு பெட்டியை வாசலில் வைத்தவள். இவர் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தவர்."

அண்ணே பக்கம் திரும்பி, அவர் கேட்டதைச் சொன்னேன். அண்ணே கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கட்டிக்கொண்டார்.

"ஐம்பது வருஷம் ஒண்ணா இருந்துட்டாங்கம்மா. இன்னிக்கு நான் வாசிச்சு அது கெடணுமா? என் கையால வேண்டாம். நீ பாடறதுன்னா பாடு."

வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினேன். முதல் வரியில் யாரோ ஒருவர் கூடச் சேர்ந்தார், பக்கத்திலிருந்த அவர் மனைவி முழங்கையால் இடித்து நிறுத்தினார். அதன் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை. கிழவரும் அந்த அம்மாளும் நடுவில் வந்து, தாளமே இல்லாத பாட்டுக்கு மெதுவாக ஆடினார்கள். காப்பிக் கோப்பைகள் அப்படியே இருந்தன. பரிமாறுகிற பையன்கள்கூட நின்றுவிட்டார்கள். எல்லாரும் என்னைக் கேட்டார்கள். இத்தனை வருஷம் இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? ஆனால் கேட்கிறார்கள் என்றால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லி வைக்கவில்லை. ஒளிந்துகொள்ள ஓர் இடமும் இல்லை.

பொத்தான் வரி வந்தபோது எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்தது. அண்ணேதான் வாசித்தார். வேறு எந்தக் கல்யாணத்துக்கும் இல்லாத அளவுக்குச் சலித்துச் சலித்து எடுத்த பாட்டுகள், அபசகுனமாக ஓர் எழுத்துக்கூட இல்லை. என் வீட்டில் வந்து உட்கார வேண்டிய அந்த மங்களமெல்லாம் வழி தவறி வேறு யார் வீட்டிலோ போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு வாய்த்தவர் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். நான் வீட்டில் பாடினால் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். தினமும் சாத்தினார். குறை சொல்லும்படி அதில் என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டார், எனக்கும் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமலே வருஷக்கணக்கில் இருந்தேன். கடைசியில் போனதும் அவர்தான், நான் இல்லை. கல்யாணம் முறிந்தபோது அண்ணே பட்டறையில் உட்கார்ந்து, அன்று வாசித்ததை எல்லாம் மறுபடி ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எதில் தப்பு நடந்தது என்று தேடினாராம். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாடி முடித்ததும் கைதட்டினார்கள். யாரும் எங்கேயும் கேக் வெட்டவில்லை என்பதை ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

மேனேஜர் தம்பி ஓடி வந்து, அடுத்த மாதமும் நாங்கள்தான், வேறு ஒரு ஜோடி, வேறு ஒரு வருஷம் என்றான். சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். தபலாக்காரர் வழியிலேயே இறங்கிக்கொண்டார். அண்ணே கடற்கரைச் சாலை முழுக்க ரோட்டையே முறைத்துக்கொண்டு ஓட்டினார். கோபம் என்றுதான் நினைத்தேன். ஜெலுத்தோங் சிக்னலில் சிவப்பு விழுந்ததும் வண்டியை நிறுத்தி, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தப் பாட்ட உன் கல்யாணத்துல வாசிச்சிருக்கணும்மா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாசிச்சிருந்தா அவர் நல்லபடியா இருந்திருப்பாரா அண்ணே?"

"அவன் எங்க இருக்கப் போறான்," என்றார். "நீ சீக்கிரமே அவன் பெட்டிய வாசல்ல வச்சிருப்ப."