கலியாணப் படத்தின் பின்மட்டை

தொண்ணூற்றைந்து ஐப்பசி. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கி கத்திவிட்டுப் போன மறுநாள், குருநகர் மெக்கானிக் யாகோப்பு, கொக்குவில் அருளம்பலத்தாரின் பழைய ஒஸ்ரின் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். எஞ்சினுக்கும் ஒயில் தட்டுக்கும் இடையில் போட்டிருந்த பக்கிங் மட்டை கிழிந்து ஒயில் ஒழுகிக்கொண்டிருந்தது. பொருளாதாரத் தடைக்குள் புதுப் பக்கிங்குக்கு எங்கே போவது? நடக்கமாட்டாத அவன் மனைவி சிசிலியாதான் தங்கள் கலியாணப் படத்தின் பின்மட்டையைக் கழற்றித் தந்தாள். காரில் அவளை ஏற்றிப் போவதாகப் பேச்சு.

யாகோப்பு மட்டையை அளவாக வெட்டி, ஒயிலில் ஊறவைத்து, தட்டைப் பொருத்திச் சீராக இறுக்கினான்.

"ஒழுகுதோ எண்டு சந்தி மட்டும் ஓடிப் பாத்திட்டு வாறன், யாகோப்பு," என்றார் அருளம்பலத்தார்.

"ஓம் ஐயா. அதுக்கிடையிலை நான் இவளை வெளிக்கிடுத்திறன்."

சிசிலியா நல்ல சீலை உடுத்தி வாசலில் காத்திருந்தாள். பொழுது சாய்ந்தது. கார் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எவன்தான் 'போறன்' என்று சொல்லிவிட்டுப் போனான்? ஒரேயடியாகப் போகிறவனும் 'வாறன்' என்றுதான் சொல்வான். அது அந்த மடையன் யாகோப்புக்கு அன்றைக்கென்று மறந்துபோயிற்று.

ஒயில் ஒழுகிக் கார் வழியில் நின்றிருக்கும் என்று அவனுக்கு ஒரு நப்பாசை. சிசிலியாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு, றோட்டில் ஒயில் கறையைத் தேடித் தேடிச் சனத்தோடு சனமாக நடந்தான். பட்டணத்து எல்லையான செம்மணி வரை பார்த்தான். ஒரு சொட்டுக்கூட இல்லை. பக்கிங்கை அவ்வளவு நேர்த்தியாகப் போட்டுத் தொலைத்திருந்தான்.