துவர்த்தை இறக்காத ஊர்

குளச்சலில் நான் கணக்கெழுதிய பண்டகசாலையில் காவல் வேலை கேட்டு அவர் வந்தார். முன்பு போலீசில் இருந்தாராம். நரைத்த மீசை. யார் கடந்துபோனாலும் குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து நிற்பார். போலீசில் விசாரித்தால், பழைய காகிதங்களைச் செல் அரித்துவிட்டதாகக் கைவிரித்தார்கள். அலுப்போடு, அவர் வேலை பார்த்ததாகச் சொன்ன ஊருக்கே வெயிலில் நடந்தேன்.

“அவரா போலீசு? அவரைக் கண்டு நாங்க தோளுத் துவர்த்தை இறக்கினதே இல்லியே” என்றார் ஒரு மீன்காரர். கேட்ட எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அந்தக் காலத்தில் போலீசு எதிரே வந்தால் பயந்து தோள்துண்டை இறக்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம்.

திரும்பி வந்து அவரிடம் சொன்னேன்.

“நாந்தான் இறக்கண்டாம்னு சொன்னேன்” என்றார். பிறகு களைப்பாகச் சிரித்தார். “நாலு பேரை அடிச்சிருந்தா இப்போ நாலு சாட்சி இருந்திருக்கும், ஏமானே.”

வேலை வேறொருவருக்குப் போயிற்று. இன்றும் போலீசைக் கண்டால் என் கை தோள்துண்டுக்குப் போகும். பாதியில் அவர் நினைவு வந்து நின்றுவிடும்.