மருதாணிக் கோனும் டாக்டர் சீட்டும்

எங்கள் வீட்டில் சோப்பு, ஷாம்பு, பவுடர் எது வாங்கினாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். வண்ணாரப்பேட்டையில் எங்கள் சந்திலேயே இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதில் அத்தாவுக்குப் பெருமை. எனக்கு அப்போது பத்து வயது.

முந்தின வருஷம் ஒரு கல்யாணத்தில் கருப்பு மருதாணி வைத்துக்கொண்ட அக்காவுக்குக் கை கொப்பளித்து, கண் திறக்க முடியாமல் முகம் வீங்கியது. ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு சீட்டில் அரை முழ நீளத்துக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதிக் கொடுத்தார். அது கலந்த எதுவும் இனிமேல் மேலே படக் கூடாது, அடுத்த தடவை மூச்சே அடைத்துக்கொள்ளலாம் என்றார். அந்த வார்த்தையை எனக்கு வாய்விட்டுப் படிக்க வராது. டப்பாவின் பின்பக்கப் பொடி எழுத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்ப்பேன். ஒரு எழுத்து தவறிவிடுமோ என்று இரண்டு தடவை பார்ப்பேன். முடித்ததும் பெரிய மனுஷி மாதிரி அனுமதி கொடுப்பது மட்டும் பிடிக்கும்.

நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அக்கா கடைத்தெருவிலிருந்து ஒரு மருதாணிக் கோன் வாங்கி வந்தாள். பத்தே நிமிஷத்தில் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

"நல்லா பாரு. அந்த வார்த்தை அதுல கீதா, இல்லியா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பூப்படம், 'நேச்சுரல்' என்று ஒரு சொல். வேறு ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. சீட்டை வைத்துக்கொண்டு எதோடு ஒத்துப் பார்ப்பது? முதலில் எனக்குத்தான் வைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள், அந்த ஆசை வேறு.

"இல்லக்கா. வெச்சிக்கலாம்."

எனக்கு வைத்துவிட்டு, தன் இடது கையிலும் வைத்துக்கொண்டாள்.

பெருநாளன்று பிரியாணித் தட்டு எடுத்து வைக்கும்போதே அவள் கையைச் சொறிந்துகொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் பூவும் கொடியுமாகப் போட்டது அப்படியே கொப்புளமாக எழும்பிவிட்டது. உதடு தடித்தது. மூச்சு விசில் மாதிரி சத்தம் போட்டது. அத்தா ஆட்டோ பிடிக்க ஓடினார். அக்கா செத்துப்போவாள், நான்தான் கொன்றேன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. என் கையில் மருதாணி ஒரு குறையுமில்லாமல் கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. பயத்தில் அதைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூச்சு கொஞ்சம் சீரானதும் அம்மா கேட்டாள்.

"அந்த கோன இவளாண்ட காட்னியா, இல்லியா?"

நான் கையைப் பாவாடை மடிப்புக்குள் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டேன். அக்கா தடித்த உதட்டோடு என்னைப் பார்த்தாள்.

"காட்டலம்மா. மறந்து பூட்டேன்."

"படிச்சி சொல்றதுக்குன்னு வூட்ல ஒருத்தி கீறா, அவளாண்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியா நீ?" அம்மா அழுதுகொண்டே திட்டினாள்.

அக்கா மருதாணி வைக்காத வலது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவின் வீங்கிய மண்டைக்குள் முந்தின நாள் நடந்ததெல்லாம் அழிந்துபோய்விட்டது என்றே நான் நம்பினேன். வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் அம்மா அவளைத் திட்டித் தீர்த்தாள். ஒவ்வொரு பாங்கு சத்தத்துக்கும் நான் மூலையில் உட்கார்ந்து துவா கேட்டேன்: அக்காவுக்கு உடம்பு சீக்கிரம் நல்லாகட்டும், அந்த ஞாபகம் மட்டும் திரும்பி வர வேண்டாம்.